கட்டன் சாயாவும் முன்பல் அடைப்பும்

கேள்வி: வண்டிப்பெரியாற்றில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வயது 43. 7 வருஷத்துக்கு முன்னால் மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, மேல்வரிசை முன்பல்லில் ஒரு மூலை உடைந்துபோனது. பல் கலரிலேயே மருந்து வைத்து, லைட் அடித்து அடைத்துக் கொடுத்தார்கள். எது பல், எது அடைப்பு என்று எனக்கே தெரியாத அளவுக்கு நன்றாக இருந்தது. இப்போது 2 வருஷமாக அந்த மூலை மட்டும் மஞ்சளும் பழுப்புமாகத் தெரிகிறது. பல்லும் அடைப்பும் சேருகிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு வேறு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன், "டீச்சர், பல்லுல முறுக்கு ஒட்டியிருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். உமிக்கரி போட்டுத் தேய்த்தேன்; எலுமிச்சையும் உப்பும் போட்டும் தேய்த்தேன். முதலில் போன மாதிரி இருந்தது, பிறகு முன்னைவிட அதிகமாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்தாறு கட்டன், அதாவது பால் சேர்க்காத சாயா, குடிப்பேன். கம்பத்தில் இருக்கிற அக்கா, "அந்தப் பக்கம் மட்டமான மருந்தை வச்சு ஏமாத்திட்டாங்க, எடுத்துட்டு செராமிக் கேப் போட்டுக்கோ" என்கிறாள். தை மாதம் அவள் மகள் கல்யாணம். என்ன செய்யட்டும்?

பதில்:

டீச்சருக்கு வணக்கம். முதலில் அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் கண் நல்ல கண். நிற வித்தியாசத்தை எண்ணாக அளக்க எங்கள் துறையில் ஒரு முறை இருக்கிறது. அதில் 1.2 வந்தால் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ வித்தியாசம் தட்டுப்படும். 2.7ஐத் தாண்டினால் பாதிப் பேருக்குப் பிடிக்காமல் போகும். வகுப்பில் சத்தமாகச் சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால், உங்கள் பல் அந்த 2.7ஐ எப்போதோ தாண்டியிருக்கும்.

அடுத்தது அக்கா சொன்னது. கேரள எல்லையில் இருக்கிற குமுளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் அடைத்த பல்லை இந்தப் பக்கத்தில் குறை சொல்வதும், இந்தப் பக்கம் அடைத்ததைப் பார்த்து அந்தப் பக்கத்தில் உதட்டைப் பிதுக்குவதும் நான் கம்பத்தில் 20 வருஷமாகப் பார்க்கிற கூத்துதான். மலைக்கு மேலேயும் கீழேயும் பல் டாக்டர்கள் வாங்குவது அதே நாலைந்து கம்பெனிகளின் மருந்தைத்தான். 5 வருஷம் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்த முன்பல் அடைப்பை மட்டமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தோ மெருகோ மோசமாக இருந்திருந்தால் முதல் ஓணத்துக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.

பிறகு ஏன் நிறம் மாறியது? அதற்கு உங்கள் பல்லில் இருக்கிற பொருள் என்ன என்று தெரிய வேண்டும். நம் ஊரில் இதைச் 'சிமெண்ட்' என்பார்கள். பெயர் தப்பு, ஆனால் காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் சரியாகவே வரும். ஜல்லிக்குப் பதிலாகக் கண்ணாடித்தூள், சிமெண்ட்டுக்குப் பதிலாக ஒருவகைப் பிசின், இரண்டும் விட்டுப் பிரியாமல் இருக்க நடுவில் சிலேன் என்ற பசைப்பூச்சு. மொத்தத்துக்கும் காம்போசிட் என்று பெயர். அந்தப் பிசினுக்கு அமெரிக்காவின் ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் பல் நிறத்தில் அடைக்க சிலிகேட் என்று ஒன்று இருந்தது. எச்சிலிலேயே மெல்லக் கரைந்துவிடும். அதோடு பார்த்தால் இது பொன்.

கண்ணாடித்தூள் தண்ணீர் குடிக்காது, சாயமும் ஏறாது. பிசின் இரண்டையும் செய்யும். வாயோ எப்போதும் ஈரம். 7 வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுக்கிறது; ஈரத்தோடு சாயமும் போகிறது. அதே ஈரம் சிலேன் பசையையும் அரிக்கும். பசை விட்ட இடத்தில் மேலே இருக்கிற கண்ணாடித்துகள் உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாத குழி விழும். புதிதாகப் போட்ட தார்ரோடு நாலு மழைக்காலம் கழித்து ஜல்லி பெயர்ந்து கிடக்கிறதே, அதே கதைதான், பல்லளவில்.

உங்கள் ஊர்க் குளிரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த மருந்துக்குச் செயற்கையாக வயதேற்றுவது எப்படித் தெரியுமா? 5 டிகிரித் தண்ணீரில் முக்கி, 55 டிகிரித் தண்ணீரில் முக்கி, மறுபடி 5 டிகிரி என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அப்படி 10,000 தடவை செய்தால் வாயில் ஒரு வருஷம் இருந்ததற்குச் சமம் என்று ஒரு கணக்கு. சூட்டில் அடைப்பு விரிகிற அளவு பல் விரிவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கொதிக்கக் கொதிக்கக் கட்டனைக் குடித்துவிட்டு, மேலே பைப்பில் வருகிற அந்தப் பச்சைத்தண்ணீரில் வாய் கொப்புளிக்கிறீர்கள். பல்லும் அடைப்பும் சேருகிற இடம் அத்தனை தடவையும் இழுபடுகிறது.

நீங்கள் சொன்ன முடி போன்ற கோடு அங்கேதான் பிறக்கிறது. லைட் அடித்து இறுகும்போதே காம்போசிட் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும். போட்ட அன்றைக்கே ஓரத்தில் ஓர் இழுப்பு இருக்கும் என்று அர்த்தம். அடைப்பைப் பல்லோடு ஒட்டுகிற பசை நன்றாகப் பிடித்திருந்தால் வருஷக்கணக்கில் தாங்கும். என்றைக்காவது ஒரு இடத்தில் மயிரிழை விட்டுக்கொடுக்கும். அதில் தேயிலைச் சாயம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கோடு என்றாலே உள்ளே சொத்தை என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது வெறும் கறை. ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் பல்லே உள்ளிருந்து கருநிழலாகத் தெரிந்தாலோ, நகத்தால் தடவும்போது படி மாதிரி சிக்கினாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்றாலோ அது வேறு விஷயம். அப்போது தை வரை காத்திருக்கக் கூடாது.

இனி உமிக்கரி. எங்கள் அப்பத்தா கடைசிவரை அதில்தான் விளக்கினார். அதனால் அதைப் பழிக்க எனக்கு மனசு வராது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நெல்உமியில் சிலிக்கா மிகுதி. கரியாக்கினாலும் அது எரிந்து போகாது. அதாவது நீங்கள் நுண்ணிய மணல் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். பல்லின் மேலோடான எனாமல் கெட்டியானது, ஓரளவு தாங்கும். அடைப்பில் இருக்கிற பிசின் தாங்காது. முதலில் பளிச்சென்று தெரிந்தது ஏனென்றால் கறையோடு மேல்தோலும் போனது. பிறகு அதிகமானது ஏனென்றால் கறை தங்குவதற்கு நூறு கீறல்களை நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு மில்லிமீட்டரை 5000 பங்காக்கி அதில் ஒரு பங்குக்கு மேல் சொரசொரப்பு ஏறினாலே கிருமிப்படலம் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு நுண்ணிய கணக்கு இது. உமிக்கரி அந்தக் கணக்குக்குள் நிற்காது. எலுமிச்சையும் உப்பும் இன்னும் மோசம். அமிலம் பட்டு எனாமல் இளகி நிற்கிற நேரம் பார்த்து உப்புக்கல்லால் தேய்க்கிறீர்கள். அதில் தேய்ந்தது திரும்பி வளராது. இன்றோடு இரண்டையும் நிறுத்துங்கள். மென்மையான பிரஷ், சாதாரணப் பேஸ்ட் போதும். 'வெண்மை' என்று பெரிதாக எழுதி விற்கிற கரிப் பேஸ்ட்டும் வேண்டாம், அது சட்டை போட்ட உமிக்கரி.

கட்டனை விடச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வண்டிப்பெரியாற்றில் இருக்கிறவரிடம் தேயிலையை விடச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பால் சேர்த்தால் கறை குறையும். பாலில் இருக்கிற புரதம் தேயிலைத் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டனில் அந்தத் தடை இல்லை, நேரே பல்லுக்குத்தான் வருகிறது. ஐந்தாறில் இரண்டைப் பால் சாயாவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரைப் பீரியடுக்குப் பீரியட் ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சுவதைவிட, உட்கார்ந்து ஒரேயடியாகக் குடித்துவிட்டுத் தண்ணீரில் கொப்புளிப்பது நல்லது. மஞ்சள் தூளும் காம்போசிட்டில் வேகமாக ஏறும் நிறம். மீன்குழம்புச் சட்டியைத் தேய்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மலையாளி வீடுகளில் வைக்கிற இளஞ்சிவப்புப் பதிமுகத் தண்ணீரைப் பற்றியும் கேட்கிறவர்கள் உண்டு. அந்த மரம் துணிக்குச் சாயம் போடப் பயன்பட்டது. அவ்வளவுதான் சொல்வேன், குடிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெடிக்கலில் நீங்களாக வாங்கி மாசக்கணக்கில் கொப்புளிக்கிற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பல்லும் நாக்கும் பழுப்பாவதற்கு அது பேர்போனது. ஈறு வைத்தியத்துக்கு ஓரிரண்டு வாரம் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான்.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வரும் நிறம். உள்ளிருந்தும் வரும். லைட் அடித்தவுடன் இறுகச் செய்வதற்காக மருந்துக்குள் ஒரு பொருள் போடுகிறார்கள். கேம்ஃபர்குவினோன் என்று பெயர். பெயரிலேயே கற்பூரம் இருக்கிறது, ஆனால் நிறம் நல்ல மஞ்சள். நீல ஒளி பட்டதும் அது செலவாகி மஞ்சள் வெளுத்துவிடும். லைட் போதாமல் போனாலோ, ஒரே தடவையில் கனமாக வைத்துவிட்டாலோ செலவாகாத மிச்சம் உள்ளேயே தங்கும். அதற்குத் துணையாகச் சேர்க்கிற அமீன் என்ற வகைப் பொருளும் வருஷம் போகப்போக ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகும். லைட் வருவதற்கு முன்னால், இரண்டு பசையைக் குழைத்து வைத்த காலத்து அடைப்புகளில் இது ரொம்ப அதிகம். உங்கள் அம்மா வயதுக்காரர்கள் யாரிடமாவது அந்தக்காலத்து அடைப்பு மிச்சம் இருந்தால் பாருங்கள், பழைய பியானோக் கட்டை மாதிரி இருக்கும். இந்த மஞ்சள் எத்தனை மெருகு போட்டாலும் போகாது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். உங்கள் பல்லும் சும்மா இருக்கவில்லை. 36 வயதில் இருந்த பல் அல்ல 43இல் இருப்பது. எனாமல் மெலிகிறது, அடியிலிருக்கும் டென்டின் தடிக்கிறது, பல் மெல்லக் கறுக்கிறது. அடைப்புக்கு அந்தச் சக்தி இல்லை. இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சிலருக்கு அடைப்பு வைத்தபடியே வெளுப்பாக நிற்கும், பல் மாறிப்போயிருக்கும். அப்போதும் "அடைப்பு நிறம் மாறிப்போச்சு டாக்டர்" என்றுதான் வருவார்கள்.

இதில் என் பங்குக்கு ஒரு அவமானமும் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில், பஸ் கண்டக்டர் ஒருவருக்கு முன்பல் அடைத்தேன். வேலையெல்லாம் முடிந்து, பல் காய்ந்து கிடக்கிற நேரத்தில் நிறம் பார்த்து மருந்து எடுத்தேன். பல் காய்ந்தால் வெளுத்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தும் அன்றைக்குக் கோட்டை விட்டேன். மறுநாள் பல் ஈரத்தைத் திரும்பக் குடித்துப் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. என் அடைப்பு மட்டும் சுண்ணாம்பு பூசினது போல் நின்றது. "டிக்கெட் கிழிக்கும்போது எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க சார்" என்று வந்து நின்றார். பைசா வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஊசி போடுவதற்கு முன்னாலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே ஷேடு பார்த்துவிடுகிறேன். நீங்கள் யாரிடம் போனாலும் இதைக் கவனியுங்கள்.

இப்போது வைத்தியம். உங்களுக்குச் சட்டென்று 'எடு, கேப் போடு' என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள். கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். ஈறுக்கு வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கும் மேல் அதில் போய்விடும். ஒரு மூலையில் வந்த கறைக்கு நல்ல பல்லையே சீவுவது, ஓட்டில் ஒரு ஓடு உடைந்ததற்கு வீட்டையே இடிக்கிற மாதிரி. உங்கள் விஷயத்தில் நான் முதலில் வெறும் மெருகு மட்டும் போட்டுப் பார்ப்பேன். சொரசொரத்த மேல்தோலை நுண்ணிய டிஸ்க்கால் சீவி, ரப்பர் முனையாலும் பேஸ்ட்டாலும் பளபளப்பாக்கினால் உமிக்கரி செய்த சேதமும், அதில் ஏறின கறையும் போய்விடும். ஊசி வேண்டாம், வலி இருக்காது, கால் மணியோ அரை மணியோதான். பலருக்கு இதோடு விஷயம் முடிந்துவிடும். கோடு மட்டும் மிஞ்சினால் அந்த ஓரத்தை மட்டும் லேசாகத் தோண்டி, புது மருந்து வைத்து ஒட்டலாம். பழைய காம்போசிட்டைச் சொரசொரப்பாக்கி, சிலேன் தடவி, பசை போட்டால் புதியது அதன்மேல் பிடிக்கும். அடைப்பு முழுக்க மஞ்சளாகியிருந்தால்தான் முழுதாக எடுத்து மாற்றுவது. அப்போதும் காம்போசிட்டையே வைக்கலாம், கேப் தேவையில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் முதலில் பட்டது அடைப்பு இல்லை, அந்த விழுந்த அடி. அடிபட்ட முன்பல்லின் உள்நரம்பு, பல வருஷம் கழித்துச் சத்தமில்லாமல் செத்துப்போவது உண்டு. வலியே இருக்காது. பல் மட்டும் மெல்லச் சாம்பல், பழுப்பு என்று மாறும். அதைக் கறை என்று நினைத்து ஊரெல்லாம் மெருகு போட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் கண்ணாடியில் பாருங்கள். அடைத்த மூலை மட்டும் நிறம் மாறி, மற்ற பல் பக்கத்துப் பல்லைப் போலவே இருந்தால் பயமில்லை. பல் முழுவதுமே பக்கத்துப் பல்லைவிட மங்கலாக இருந்தால் ஒரு எக்ஸ்ரேயும், குளிர் வைத்துப் பார்க்கிற நரம்புச் சோதனையும் முதலில். தேவைப்பட்டால் வேர் சிகிச்சை முடித்துவிட்டுத்தான் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கல்யாண வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் பிளீச்சிங் பற்றிக் கேட்கிறார்கள், உங்கள் அக்காவும் அடுத்து அதைத்தான் சொல்வார். செய்யலாம், தப்பில்லை. ஆனால் பிளீச் பல்லைத்தான் வெளுப்பாக்கும். அடைப்பு இருந்த இடத்தில் இருந்தபடியே நிற்கும், வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் செய்வதாக இருந்தால் வரிசை மாறக் கூடாது: முதலில் பிளீச், அதன்பிறகு 2 வாரம் சும்மா இருப்பது, அப்புறம்தான் புது அடைப்பு. அந்த 2 வாரத்தில் பல்லின் நிறம் நிலைக்கும். பல்லுக்குள் மிஞ்சின ஆக்சிஜனும் வெளியேறும். ஆக்சிஜன் இருக்கும்போது மருந்து வைத்தால் பசை சரியாகப் பிடிக்காது. தையில் கல்யாணம் என்றால் கார்த்திகை பிறந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். மார்கழியில் வந்து நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிளீச் வேண்டாம் என்றால் மெருகுக்குக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்தாலும் போதும்.

மண்டபத்து வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் ஒத்துப்போகிற அடைப்பு, டியூப்லைட்டில் வேறாகவும் எல்இடியில் வேறாகவும் தெரியலாம். ரிசப்ஷன் மேடையில் இப்போது ஊதா வெளிச்சம் ஒன்று போடுகிறார்களே, அதில் நிஜப்பல் நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிராத வகை மருந்து வைத்திருந்தால் அந்த மூலை மட்டும் ஓட்டை விழுந்த மாதிரி கறுப்பாக நிற்கும். புதிதாக அடைக்கிறதாக இருந்தால், பல்லைப்போல ஒளிர்கிற மருந்தா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. வரும்போது விழுவதற்கு முந்தைய போட்டோ, பல் தெரியச் சிரித்தது, ஒன்று கொண்டுவாருங்கள். மூலையின் வடிவம் எப்படி இருந்தது என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் செய்வோம். உதட்டுச்சாயம் வேண்டாம், பளீரென்ற சிவப்புப் புடவையும் வேண்டாம், ஷேடு பார்க்கிற கண்ணை அது ஏமாற்றும். மலையிறங்குகிற முதல் பஸ்ஸில் வந்தீர்களானால் காலை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

புது மருந்து வைத்தால், லைட் அடித்து எழுப்பி அனுப்பிய பிறகும் அது இன்னும் ஒரு நாள் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும். அன்றைக்கும் மறுநாளும் கட்டனுக்கு லீவு விடுங்கள், மஞ்சள் தூக்கலான மீன்குழம்புக்கும்தான். தாங்க முடியாவிட்டால் பால் சாயா, அதுவும் ஆற வைத்து.